டொராண்டோவில் ஏழரை, தாராவியில் ராகு காலம்

ஒன்றும் தெரியாதவர்களால் குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வருவதில்லை. அவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். பாதி தெரிந்தவர்கள்தான் கேட்கவே மாட்டார்கள். இருபத்து நான்கு வயதில் நான் வெளிநாட்டு மணிக் கணக்கில் பாதி தெரிந்தவளாக இருந்தேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என் அண்ணன் மகளுக்குப் பெயர் வைக்கக் கிளம்பினேன்.

அந்தப் பாதி எனக்குக் கிடைத்தது பம்பாய் விக்ரோலியில். அங்கே ஓர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இங்கிலாந்துக்காரர்களின் தொலைந்துபோன பார்சல்களுக்கு மூன்று வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். (பார்சல் கிடைத்ததாக நினைவில்லை. பதில் மட்டும் கிடைக்கும்.) அவர்கள் காலை எட்டு மணிக்குக் கோபப்படத் தொடங்குவார்கள். நமக்கு அப்போது பகல் ஒன்றரை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். மறுநாளிலிருந்து அதே கோபம் நமக்குப் பன்னிரண்டரைக்கே வந்து சேரும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதைத் தாராவியில் எங்கள் சந்தில் யாரிடம் சொன்னாலும் வாயைப் பிளந்தார்கள். “கவருமெண்டே மணியை மாத்துமா?” என்று கேட்டார்கள். “அங்கெல்லாம் அப்படித்தான்” என்று நான் அலட்சியமாகச் சொல்வேன், ஏதோ நானே ஏணி போட்டு ஏறி அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிட்டு வந்தவள் மாதிரி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து, “இப்ப போன் போட்டா முழிச்சிருப்பானா, பாத்துச் சொல்லு செல்வி” என்று வருவார்கள். நானும் விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். தலைக்கனம் மெல்ல மெல்ல ஏறியது.

அண்ணன் சுடலைமுத்து டொராண்டோவில் இருந்தான். அண்ணி ரஞ்சனி மாட்டுங்காக்காரி. மூன்று தலைமுறையாக பம்பாயில் ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். நாங்கள் திருநெல்வேலிக்குத் தெற்கிலிருந்து வந்தவர்கள், அப்பாவுக்குத் தாராவியில் தையல் பட்டறை. காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரஞ்சனிக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் போனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டது அன்றுதான். அம்மா ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“இசக்கியம்மா, தாயும் பிள்ளையும் நல்லபடியா வந்துரணும். பொட்டப்பிள்ளையா இருந்தா ஒன் பேரையே வைக்கேன்.”

இசக்கி எங்கள் குலதெய்வம். கோபக்காரி. அவளிடம் கொடுத்த வாக்கை மாற்றியவர்களைப் பற்றி அம்மாவிடம் பத்துப் பன்னிரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்றுகூட நல்லபடியாக முடியாது.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். பெண் குழந்தை. அதற்குப் பிறகுதான் சிக்கல். பிரசவம் பார்க்க டொராண்டோவுக்குப் போயிருந்த ரஞ்சனியின் அம்மா, குழந்தைக்கு ஆன்யா என்று ஒரு பெயரை முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தார். ரஞ்சனிக்கும் அதுதான் பிடித்திருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

“இசக்கின்னா அங்க ஸ்கூல்ல யாருக்கும் வாயில நுழையாதுங்க. குழந்தை அழுதுகிட்டு வரும்” என்றார் போனில்.

“அவ பேரச் சொல்லித்தானே ஒங்க மவ இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கா” என்றாள் அம்மா.

இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ரஞ்சனிதான் ஒரு வழி சொன்னாள். எங்கள் வழக்கப்படி அத்தைக்காரி, அதாவது தகப்பனின் உடன்பிறந்தவள்தான், குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லவேண்டும். “அந்த உரிமை செல்விக்குத்தான். போனைக் குழந்தை காதுல வைக்கிறோம். அவ என்ன பேர் சொல்றாளோ அதையே திங்கட்கிழமை ஃபார்ம்ல எழுதிக் குடுத்துடலாம்” என்றாள். அவள் அம்மாவும் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “நல்ல நேரத்துக்குள்ள சொல்லிடணும். அத்தை சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன், பாருங்கோ.”

“கேட்டியாட்டி?” என்றாள் அம்மா போனை வைத்ததும். “நீ ஒரு நிமிஷம் அசந்தா அந்தம்மா ஆன்யான்னு ஊதிரும். அப்புறம் இசக்கிக்கு யாரு பதில் சொல்லுததாம்?”

ஆக, தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு என் வாயில் வந்து நின்றது. நான் அன்றிலிருந்து பயிற்சி எடுத்தேன். குழந்தை பயந்துவிடாமல் மெதுவாகவும், போனில் தெளிவாகக் கேட்கும்படியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுத் தலையணைக்கு நான் அறுபது தடவையாவது இசக்கி என்று பெயர் வைத்திருப்பேன்.

மார்ச் மூன்றாவது ஞாயிறுக்கு நாள் குறித்தார்கள். சனிக்கிழமை காலையில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. ‘நாளைக் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். நம்ம ஊருக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. எல்லாரும் ரெடியா இருங்க.’ (ஏழரை என்று கேட்டதுமே எனக்கு உறுத்தியிருக்கவேண்டும்.)

அம்மா நேராகப் போய் நாள்காட்டியைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்லா! அஞ்சு மணிக்கு எப்பிடிப் பேரு வைக்க?”

அப்பா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். “பிள்ள அங்கனல்ல இருக்கு. அங்க உள்ள ராகு காலத்தைப் பாத்தாப் போதும்.”

“பேரு இங்கேருந்துல்லா போவுது?” என்றாள் அம்மா.

அப்பா மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

அப்போதுதான் நான் மாடி அறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கினேன். இறங்கும்போதே விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். டொராண்டோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அண்ணன் ஏழரையோடு ஒன்பதரையைக் கூட்டி ஐந்து என்று சொல்லியிருக்கிறான். ஆனால் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு அல்லவா? அது வர இன்னும் நாள் இருக்கிறது. அப்படியென்றால் பத்தரையைத்தான் கூட்டவேண்டும்.

“அண்ணன் கணக்கைத் தப்பாப் போட்டுட்டான்மா. அஞ்சு இல்ல, ஆறு.”

“ஆறா?” அம்மா முகம் அப்படியே மலர்ந்தது. “ஆறுக்கு ராகு காலம் முடியுதே!”

“டாண்ணு முடியுது.”

“இசக்கி வழி காட்டிட்டா பாத்தியா” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் என்னை அவ்வளவு பெருமையாகப் பார்த்தது பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதுகூட இல்லை.

அங்கேயே குடியிருப்பவன் தன் ஊர் மணியைத் தப்பாகச் சொல்வானா என்று நான் ஒரு விநாடி யோசித்திருக்கலாம். தூக்கமில்லாத புதுத் தகப்பன், மூளை குழம்பியிருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். போன ஞாயிறன்று அவன் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக போன் செய்தான். குழந்தை சீக்கிரம் எழுப்பிவிட்டிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கையில் இருந்த போனில் தட்டினால் டொராண்டோ மணி வந்துவிடும். தட்டவில்லை. எனக்குத்தான் தெரியுமே! அண்ணனிடமும் சொல்லவில்லை. அவன் ஊர் ஏழரைக்குத்தானே தொடங்கப்போகிறான், நாம் ஆறுக்கு ஆயத்தமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒருவர் எச்சரித்தார். பக்கத்து வீட்டு ஜெயராணி அக்கா. ஞாயிறு காலை கோயில் ஆராதனை முடிந்து வந்தவர், ஆறு மணி என்றதும் நின்றார்.

“எங்க அக்கா மவன் டெக்சாஸ்ல நர்ஸா இருக்கான்லா. போன ஞாயித்துக்கெழமயே மணிய மாத்திட்டாங்க, தெரியாமப் போய் ஆராதனைக்கு லேட்டாயிட்டுன்னு சொன்னானே, பிள்ள?”

“அது அமெரிக்கா, அக்கா. கனடா வேற. கனடா ரூபாய் நோட்டப் பாத்திருக்கீங்களா? அதுல ராணி படம் போட்டிருக்கும். ராணி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் லண்டன் கணக்குதான்.”

இதை நான் எங்கும் படிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தபோது எனக்கே தெரியாது, சொல்லி முடித்தபோது நம்பிவிட்டேன். ஜெயராணி அக்கா பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ராணியே சொல்லிட்டான்னா சரிதான்” என்றுவிட்டு வீட்டுக்குள் போனார்.

நாலரைக்கு எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பாயசம் கொதித்து இறங்கியது. அப்பா பட்டறைக்கு விடுமுறை விட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். டிவிக்கு முன்னால் பித்தளைச் செம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து, போனுக்கும் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. ஆறு மணி வரைக்கும் குழந்தை விஷயமாக யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அவள் உத்தரவு.

நாலு ஐம்பத்தெட்டுக்கு போன் அடித்தது. அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“டெஸ்ட் பண்றான்” என்றேன். “லைன் சரியா இருக்கான்னு பாக்கான்.”

“எடுக்காதட்டி” என்றாள் அம்மா. “மொதப் பேச்சே ராகு காலத்துலயா?”

அடித்து ஓய்ந்தது. ஐந்து மூன்றுக்கு மறுபடி அடித்தது. ஐந்து ஆறுக்கு மறுபடியும். குங்குமம் வைத்த போன் செம்பின் மேல் நடுங்கி நடுங்கி ஒலிக்க, பத்துப் பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எடுத்து என்னன்னு கேட்டாத்தான் என்ன?” என்றார் அப்பா.

“ஒரு மணி நேரம் பொறுக்கக்கூடாதா ஒங்களுக்கு?” என்று அம்மா அவரை அடக்கினாள்.

எனக்கு அண்ணன்மேல் பாவமாக இருந்தது. பதற்றத்தில் இருக்கிறான், ஒரு செய்தி அனுப்பிவைப்போம் என்று தட்டினேன். ‘டெஸ்ட் பண்ண வேண்டாம். எல்லாம் ரெடி. சரியான நேரத்துக்கு வர்றோம்.’ என் வாழ்க்கையில் நான் அனுப்பிய செய்திகளிலேயே கேடுகெட்டது அதுதான். அங்கே அதை அண்ணன் சத்தமாகப் படித்துக் காட்டி, “இதோ வந்துருவாங்க” என்று எல்லோரையும் உட்காரவைத்துவிட்டானாம்.

மறுபடி அடித்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போனைச் செம்பிலிருந்து தூக்கினாள், சத்தத்தை அடக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள், நான் அடக்கியதும் வாங்கி அரிசி டிரம்மைத் திறந்து அரிசிக்குள் புதைத்து மூடிவிட்டு, டிரம்மின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போனாலும் அதிர்வு போகவில்லை. தகர டிரம்முக்குள்ளிருந்து கிர்ர், கிர்ர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அதன்மேல் அசையாமல் இருந்தாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. ஐந்து முப்பத்தைந்துக்குப் பதினொன்று. லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு மனிதன் எத்தனை தடவை பார்ப்பான்? டெக்சாஸ் பையன் ஆராதனைக்குத் தாமதமாகப் போனது ஞாபகம் வந்தது. கனடா அமெரிக்காவுக்குப் பக்கத்திலா இருக்கிறது, லண்டனுக்குப் பக்கத்திலா? ராணி படத்துக்கும் கடிகார முள்ளுக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை பேர் என் வார்த்தையை நம்பிப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேர்த்து ஒழுக உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது போய், கொஞ்சம் சரிபார்த்துவிடலாமா என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் பதினைந்து நிமிடம் கடத்தினேன். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

“புடவைக்கு ஊக்கு வாங்கிட்டு வாரேன்” என்று எழுந்து ஜெயராணி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் போனைக் கேட்டு வாங்கி, டொராண்டோவில் மணி என்ன என்று தட்டினேன்.

என் கணக்குப்படி ஏழு இருபத்திரண்டு காட்டியிருக்கவேண்டும். எட்டு இருபத்திரண்டு என்று காட்டியது.

“ராணி என்ன சொல்லுதா?” என்று கேட்டார் ஜெயராணி அக்கா. என் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அய்யோ பிள்ள, ஓடு!”

அங்கே எட்டரைக்கு நல்ல நேரம் முடிகிறது. இங்கே ஆறுக்கு ராகு காலம் முடிகிறது. இரண்டும் ஒரே நொடி. அவர்களுடைய நல்ல நேரம் முழுவதும் எங்களுடைய கெட்ட நேரத்துக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. முக்கால்வாசிக்கும் மேல் போய்விட்டது. மிச்சம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தின்மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, எந்திரி. போனக் குடு.”

“இன்னும் எட்டு நிமிஷம் கெடக்குட்டி.”

“அந்த எட்டு நிமிஷம்தான் அங்கயும் கெடக்கு! அண்ணன் சொன்னதுதான் சரி. அஞ்சு மணிதான். அங்க போன வாரமே கடிகாரத்த மாத்திட்டாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். எட்டரை ஆச்சுன்னா அண்ணியோட அம்மா ஆன்யான்னு வச்சிருவாங்க.”

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, சாமி படத்தைத்தான் பார்த்தாள். எடுத்தால் ராகு காலத்தில் பெயர். எடுக்காவிட்டால் பெயரே இல்லை. முப்பது வருடமாக ராகு காலத்தில் ஒரு கிலோ உப்பு வாங்காதவள் அவள்.

“தாயே, நேரத்த நீ பாத்துக்கோ” என்று எழுந்தாள். மூடியைத் தள்ளிவிட்டு, பட்டுப்புடவையோடு குனிந்து, கையை முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டுத் துழாவினாள்.

போன் வெளியே வந்தது. பதினான்கு அழைப்புகள். கீழே வரிசையாகச் செய்திகள். ‘எங்க இருக்கீங்க?’ ‘செல்வி, எடு.’ ‘அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?’ ‘ரஞ்சனி அம்மா எந்திரிச்சுட்டாங்க.’ ‘8.20. இதுக்கு மேல என்னால நிறுத்த முடியல.’

கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. என் விரல் போனில் ஒட்டியிருந்த அரிசியில் வழுக்கியது. அப்பா எழுந்து வந்து என் பின்னால் நின்றார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ரிங் போய், ஒரு கூரை தெரிந்தது. பிறகு ஒரு பலூன். பிறகு அண்ணன் முகம்.

“எங்கட்டி போய்த் தொலஞ்சிய எல்லாரும்? இப்பத்தான் முடிஞ்சுது. பேரு வச்சாச்சு.”

அம்மா என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

“என்ன பேருப்பா?”

அண்ணன் வாயைத் திறந்தான். திறந்தபடியே படம் உறைந்து நின்றுவிட்டது. திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக ஐந்து விநாடி, பத்து விநாடி. அம்மாவின் நகம் என் தோளில் அழுந்தியது. அவள் உதடு என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு வருடத்தில் அம்மாவுக்கு நான் செய்த கெடுதலில் பெரியது இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் அசைந்தபோது திரையில் ரஞ்சனி இருந்தாள். கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“இசக்கிதான்மா” என்றாள். அவள் என் அம்மாவையும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“எட்டு இருபதுக்கு எங்கம்மா சொல்றேன்னு வந்தாங்க. அத்தைதான் சொல்லணும்னு பேசியிருக்கோம், அத்தை முறையில ஒருத்தர் இங்கயே இருக்காங்கன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்கா வடை கொண்டு வந்திருந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. இவரை எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. தம்பின்னா அவங்க அக்கா, அப்ப குழந்தைக்கு அத்தைதானே? மடியில குழந்தையைக் குடுத்தேன். ‘பிள்ளைக்கு என்ன பேர் சொல்ல வேணும்?’னு கேட்டாங்க. எங்கம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் இசக்கின்னு சொல்லிட்டேன்.”

“ஒனக்கு அந்தப் பேரு பிடிக்கலன்னுல்லாம்மா நாங்க நெனச்சோம்” என்றாள் அம்மா.

“பிடிக்கலைதான். ஆனா நீங்க வேண்டிக்கிட்டது எனக்காகத்தானே?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்துப் பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன். நாங்கள் ஒரு மாதமாக எந்தப் பெண்ணிடமிருந்து அந்தப் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்று வியூகம் வகுத்துக்கொண்டிருந்தோமோ, அவள்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தாள். பெயரைக் கெடுக்கவிருந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில், தலையணைக்குப் பெயர் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பெயர் கிடைத்துவிட்டதால் அம்மா சீக்கிரம் தேறிவிட்டாள். தேறியதும் என் பக்கம் திரும்பினாள். அன்றைய வசவுகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. (அதில் லண்டன் ராணிக்கும் கொஞ்சம் கிடைத்தது.) அத்தைக்கென்று அண்ணன் வாங்கிவைத்திருந்த அரக்கு நிறப் பட்டுப்புடவை முறைப்படி யோகேஸ்வரி அக்காவுக்குப் போனது. அவர் அதைக் கட்டிக்கொண்டு குழந்தையோடு எடுத்த படத்தை எனக்கே அனுப்பினார்கள். அவருக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ரஞ்சனியின் அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். இசக்கி இப்போது பள்ளிக்குப் போகிறாள், அவர் பயந்தபடி அங்கே யாரும் அவளை அழவைக்கவில்லை. ஜப்பான் பெயரா என்று கேட்கிறார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவதாக அவரே ஒருமுறை என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

நான் இப்போது கல்யாணமாகி பம்பாய்க்குப் பக்கத்தில் சான்பாடாவில் இருக்கிறேன். எந்த வெளிநாட்டின் மணியையும் யாருக்கும் சொல்வதில்லை. குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்கிறார்கள். இது எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரஞ்சனி மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் நவம்பரிலும், தவறாமல் ஒரே செய்தியை அனுப்புகிறாள். ‘இங்கே கடிகாரத்தை மாத்தியாச்சு. அங்கே நீ எதையும் மாத்த வேண்டாம்.’

அப்பா அதிகம் பேசாதவர். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பாயசம் குடிக்கும்போது எனக்கு ஒரு பட்டம் கொடுத்தார், அது அப்படியே நிலைத்துவிட்டது. போன மாதம் வீடியோ காலில் இசக்கிக்குப் பக்கத்தில் அவள் பள்ளித் தோழி, ஒரு தமிழ்ப் பெண், உட்கார்ந்திருந்தாள். யார் இது என்று அவள் கேட்டாள். உண்மையான அத்தை நான்தான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இது ஆறு மணி அத்தை” என்றாள் இசக்கி. “அஞ்சு மணி அத்தை பக்கத்து வீட்டுல இருக்காங்க.”